இலவம் பஞ்சும் மலைக்காற்றும்

மதுரையிலிருந்து மேற்கே வரும் இருப்புப்பாதை முடிவடையும் போடிநாயக்கனூர், ஏலக்காய் வாணிபத்தால் பெயர் பெற்ற ஊர் என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் சிலரே. ஆனால் அவ்வூர் இலவம் பஞ்சுக்கும் பெயர் பெற்றது என்பதையும், மலையடிவாரத் தோப்புகளில் இலையுதிர்த்து நிற்கும் இலவ மரங்களின் காய்கள் பங்குனி சித்திரை மாதங்களில் வெடிக்கும்போது வெண்பஞ்சு காற்றில் மிதந்து வந்து ஓட்டுக் கூரையிலும் வாசல் திண்ணையிலும் படிவதையும் அங்கே வாழ்பவர்களே நன்கு அறிவர். அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் ஓயாமல் தும்மி, மூக்கில் நீர் வடியக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் காரணம் கேட்டால், மிதந்து வரும் பஞ்சைக் காட்டி, "பஞ்சுக் காலம் வந்தாலே எனக்கு இப்படித்தான்" என்பார். முந்தல் சோதனைச் சாவடியைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சுமார் 4,600 அடி உயரத்திலுள்ள போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் போய் வருகிற தொழிலாளரைக் கேட்டாலோ, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவர். ஏலப் பூவின் வாசம் என்பார் மற்றொருவர். மருந்தடித்த வாடை என்பார் இன்னொருவர்.

இவ்விடைகள் அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஆதலால் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. எனினும் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படுகிற, அல்லது மணமாகத் தெரிகிற பொருளின் மீதே அவை பழியைச் சுமத்துகின்றன. மேனாட்டார் வைக்கோல் சுரம் என்று அழைப்பதும், நம் மருத்துவர்கள் ஒவ்வாமை நாசியழற்சி என்று வழங்குவதுமான இந்த உபாதையின் சரித்திரத்தை நோக்கினால், பிரத்தியட்சமாகத் தெரிகிற பொருள் பெரும்பாலும் நிரபராதியாகவும், கண்ணுக்கு எட்டாத சூட்சுமமான பொருளே காரணமாகவும் இருந்து வந்திருப்பதைக் காணலாம்.

லண்டன் மாநகர வைத்தியரான ஜான் பாஸ்டாக், சிறு பிராயம் முதல் கோடைதோறும் தம்மை வருத்தி வந்த கண்ணரிப்பையும் தும்மலையும் மூச்சுத்திணறலையும் 1819-இல் வைத்தியர் சங்கம் ஒன்றில் எடுத்துரைத்தபோது, வெயிலின் உக்கிரமே காரணமென்று கருதினார். நாட்டுப்புறத்து ஜனங்களோ புதிதாக அறுத்துப் போட்ட புல்லின் வாசனையே காரணமென்று நம்பினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் மான்செஸ்டர் நகரத்து வைத்தியர் சார்லஸ் பிளாக்லி, தாமும் இதே உபாதைக்கு ஆட்பட்டவராகையால், வெவ்வேறு தாவரங்களின் மகரந்தத்தைத் தம் நாசியிலேயே இட்டுப் பார்த்தும், தோலைக் கீறி அதன்மேல் வைத்துப் பார்த்தும், ஒட்டும் பொருள் தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே பறக்கவிட்டு அவற்றில் படிந்த துகள்களை உருப்பெருக்கியின் கீழ் எண்ணியும் பல்லாண்டு பொறுமையுடன் உழைத்து, வெயிலும் அன்று வாசனையும் அன்று, புல்லின் மகரந்தமே காரணம் என்பதை 1873-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். தம் சரீரத்தைத் தாமே வருத்திக்கொண்டு அவர் தேடிக் கொடுத்த அந்த உண்மையின் மீதுதான் இன்றைய சிகிச்சை முழுவதும் நிற்கிறது என்பதை நன்றியுடன் சொல்லவேண்டும்.

பிளாக்லியின் முடிவு ஏலமலைக்கும் பொருந்துவதே. வண்டையும் தேனீயையும் அழைத்து மகரந்தத்தைக் கொடுத்தனுப்பும் பூக்கள் நிறமும் மணமும் கொண்டு விளங்குவன. அவற்றின் மகரந்தம் கனமும் பிசுபிசுப்பும் உடையதாதலால் காற்றில் நெடுந்தூரம் செல்லாது. ஏலச்செடியின் அடித்தூரிலிருந்து கிளைத்துத் தரையோடு படர்ந்து வரும் சரங்களில், வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகளோடு மலரும் பூ இவ்வகையைச் சேர்ந்தது. தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது என்பது தோட்டக்காரர் அனைவரும் அறிந்த செய்தி. எனவே ஏலப் பூவைக் குற்றத்திலிருந்து பெரும்பாலும் விடுவித்துவிடலாம். முந்தலுக்கும் மெட்டுக்கும் இடையிலுள்ள சரிவுகளில் ஆள் உயரம் வளர்ந்து நிற்கும் புல்லும், வயல் வரப்பில் படர்ந்த அருகும், நிறமோ மணமோ இல்லாத பூவைத் தாங்கி, எந்தப் பூச்சியையும் எதிர்பாராமல் காற்றையே நம்பி மகரந்தத்தை அளவின்றி இறைப்பன. அம்மகரந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மழை விட்டு வெயில் கண்ட வாரங்களில் புல் பூக்கிறது. பகலில் மலைச்சரிவு சூடேறுவதால் பள்ளத்தாக்கின் காற்று சரிவு வழியே மேல்நோக்கி ஏறும். அக்காற்றில் அடிவாரத்து மகரந்தமும் ஏறிவரும். மலைமேலே இருப்பதால் சமவெளியின் புல் நம்மை அண்டாது என்று போடிமெட்டில் இருப்பவர் நினைப்பதற்கு இடமில்லை.

புல்லோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்று, 1950-களின் நடுவில் புனே நகரில் கவனிக்கப்பட்டு, இறக்குமதித் தானியத்தோடு வந்ததாகக் கருதப்படும் பார்த்தீனியம். அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் மஞ்சள் பூவால் கண்ணைக் கவரும் ஒரு செடியின் மீது ஜனங்கள் பழி போட்டுக்கொண்டிருக்க, அதன் அருகிலேயே பச்சை நிறத்தில் யாரும் திரும்பிப் பாராத பூவோடு நின்ற ராக்வீட் என்னும் களையே தும்மலுக்குக் காரணமாக இருந்தது. பார்த்தீனியம் அந்தக் களைக்கு நெருங்கிய உறவு. பெங்களூரில் நடைபெற்ற ஆய்வுகள் அதன் மகரந்தம் நாசியழற்சியை உண்டாக்குவதை உறுதி செய்தன. அதை உண்ணும் மெக்சிகோ நாட்டு வண்டினம் ஒன்றை 1984-இல் அங்கே விட்டுப் பார்த்தும் செடி ஒழிந்தபாடில்லை. காலி மனையிலும் சாலையோரத்திலும் அது பூப்பதற்கு முன்னரே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதைப் போல் பயன் தரும் காரியம் ஒவ்வாமை விஷயத்தில் ஓர் ஊராட்சிக்கு வேறில்லை.

இத்தனை சிறிய துகள் இவ்வளவு உபத்திரவம் செய்வது எங்ஙனம்? மகரந்தத்தில் விஷம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் அதே காற்றைச் சுவாசித்து யாதொரு தொல்லையும் இன்றி இருக்கிறார். சிலருடைய சரீரம், பெரும்பாலும் குலவழியாக வந்த இயல்பினால், தீங்கற்ற புரதத்தைப் பகையாகக் கருதி, அதற்கென இம்யூனோகுளோபுலின்-இ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி, நாசியின் உட்சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் அதை நிறுத்தி வைக்கிறது. டென்வர் நகரில் இஷிசாகா தம்பதியர் 1966-இல் இதனைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டே ஸ்வீடனில் ஜொஹான்சனும் பென்னிச்சும் வேறு வழியாக இதே பொருளைக் கண்டனர். மறுமுறை அப்புரதம் நாசியில் படிந்தவுடன், அந்தச் செல்கள் உடைத்துவிடும் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களால் சில நிமிஷங்களுக்குள் அரிப்பும் தும்மலும் நீரும் தோன்றுகின்றன. அத்துடன் முடிவதில்லை, வேறு வகை ரத்த அணுக்கள் அங்கே வந்து திரண்டு, நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது வீக்கத்தை உண்டாக்குகின்றன. காலையில் தோட்டத்தில் தும்மியவருக்கு மாலையில் வீடு திரும்பியபின் மூக்கு அடைத்துக்கொள்வது இதனால்தான். வீட்டுக்கு வந்த பிறகு அடைத்தது ஆகையால் வீடே காரணம் என்று முடிவு கட்டுவது சில சமயம் தவறாகிவிடும்.

ஆனால் வீடு காரணமாவதும் உண்டு. போடியில் அது மிகுதியாகவே உண்டு என்பது என் அபிப்பிராயம். இதற்கு இலவம் பஞ்சின் கதையை விரிவாகச் சொல்லவேண்டும். காற்றில் மிதக்கும் பஞ்சு ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள, மெழுகுப் பூச்சுடைய இழை. மகரந்தத்துக்கு அது பல நூறு மடங்கு பெரிது. நாசித் துவாரத்தின் ரோமத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். இலவ மரம் பூப்பதோ பஞ்சு பறப்பதற்குச் சில மாதம் முந்தி. அந்தப் பூவையும் இரவில் வௌவால்கள் வந்து நாடுகின்றன. காற்று அதற்கு வேண்டுவதில்லை. ஆகையால் தெருவில் மிதந்து வரும் பஞ்சைக் கண்டு அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. பஞ்சைக் கொட்டையிலிருந்து பிரித்து அடிக்கும் பட்டறையின் விஷயம் முற்றிலும் வேறு. அங்கே எழும் நுண்தூசி யாருடைய சுவாசத்துக்கும் கேடு செய்யும். எஞ்சியிருப்பது, அப்பஞ்சை அடைத்துத் தைத்து, பல ஆண்டுகள் தலைக்கு வைத்துப் படுக்கும் தலையணையும் மெத்தையுமே.

ஹாலந்து தேசத்தில் ஜாவாவிலிருந்து கப்பலில் வந்த இலவம் பஞ்சு ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மெத்தையாயிற்று. ஈரம் மிகுந்த அந்நாட்டு வீடுகளில் சுவாச காசத்தால் அவதியுற்றவர்களை 1920-களில் கவனித்த லைடன் நகரத்துப் பேராசிரியர் ஸ்டார்ம் வான் லியூவன், புதிய பஞ்சைவிட நாட்பட்ட மெத்தையையும் அதில் சேரும் பூஞ்சையையும் சந்தேகித்து, தூசி நீக்கிய காற்று மட்டும் புகும்படி அறைகள் அமைத்து நோயாளிகளை அவற்றில் தங்கவைத்துப் பார்த்தார். அதே லைடனில் 1964-இல் வோர்ஹார்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் வீட்டுத்தூசியின் ஒவ்வாமை எதிலிருந்து வருகிறது என்பதை வெளிப்படுத்தினர். அது தூசி உண்ணி என்னும் ஜந்து. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத உடல். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதற்கு உணவு. நீர் அருந்தாமல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்வதால், ஈரமுள்ள இடத்தில்தான் அது பெருகும். அதன் எச்சத்திலுள்ள புரதமே நாசியை வருத்துவது. தலையணையில் முகம் புதைத்து ஆறேழு மணி நேரம் உறங்கி எழுந்தவர் விடியற்காலையில் தும்முவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. பஞ்சுக் காலம் கழிந்தால் தும்மலும் கழிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர் இலவு காத்த கிளியாகவே முடிவார். வைகாசி பிறந்தாலும் தலையணை அங்கேயேதான் இருக்கிறது.

மலைக்கு ஏறினால் மார்பு நோய் குணமாகும் என்ற நம்பிக்கையும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரத்துக்கு ஆஸ்துமா நோயாளிகள் சென்று நலம் பெற்றது மெய்யே. ஆனால் அங்கே நலம் தந்தது உயரமன்று, உயரத்தோடு கூடிய வறட்சி. குளிரும் வறட்சியும் உள்ள காற்றில் தூசி உண்ணி பிழைப்பதில்லை. ஏலமலையின் தன்மை இதற்கு நேர்மாறு. ஏலம் விளைவதற்கு நிழலும் இடைவிடாத ஈரமும் வேண்டும். அந்த ஈரத்தில் உண்ணியும் தழைக்கும், மக்கிய சருகிலும் ஈரச் சுவரிலும் பூஞ்சையும் தழைக்கும், அதன் வித்துகள் காற்றில் ஏறும். மருத்துவர் சொன்னாரென்றோ உறவினர் சொன்னாரென்றோ தும்மலுக்காகச் சமவெளியை விட்டு மெட்டுக்குக் குடியேறுபவர் ஏமாற்றமடையக் கூடும்.

இனி, பனியைப் பற்றி. விடியுமுன் திறந்த ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து வளைவுகளில் ஏறுகிறவர்களின் முகத்தில் குளிர்காற்று அறையும்போது மூக்கில் நீர் கொட்டுவது, ஒவ்வாமை சிறிதும் இல்லாதவருக்கும் நேரும். நாசியின் ரத்தக் குழாய்களையும் சுரப்பிகளையும் ஆளும் நரம்புகள் குளிருக்குக் காட்டும் எதிர்வினை அது. கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு இல்லாமல், மூக்கு மட்டும் நீர்விட்டு, ஜீப் நின்ற கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் அது இவ்வகையே. காதையும் மூக்கையும் மூடிய ஒரு துணி போதும். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்தின் விஷயம் அப்படிப்பட்டதன்று. அதனால் மூக்கும் கண்ணும் எரிவது ஒவ்வாமை அன்று, நஞ்சின் தாக்குதல்; தும்மல் மாத்திரை போட்டுக்கொண்டு அதே இடத்தில் வேலை செய்யச் சொல்வது கொடுமை. தலைசுற்றலும் வாந்தியும் வியர்வையும் கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

போடியின் கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்து ஏலக்காயை நிறம் பார்த்தும் பருமன் பார்த்தும் நாள் முழுதும் பொறுக்கும் பெண்களை நான் இங்கே தனியே குறிப்பிட விரும்புகிறேன். காயோடு வரும் காம்புத் துணுக்கும் தோல் தூசியும் அவர்கள் முகத்துக்கு நேரே எழுகின்றன. ஓய்வு நாளில் தும்மல் குறைந்து, வேலைக்குத் திரும்பிய அன்றே மீண்டும் தொடங்குமானால், அது தொழிலால் வந்தது என்பதற்கு அதுவே முதற்சான்று. அதை அந்தப் பெண்ணின் உடல்வாகு என்று தள்ளிவிடுவது நியாயமன்று. காற்று வெளியேறும் சன்னலும், தூசியை இழுக்கும் விசிறியும், தரமான முகக்கவசமும், கூட்டிப் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைக்கும் வழக்கமும் ஏற்படுத்துவது கிட்டங்கி உடையவரின் கடமை.

காரணம் இவ்வாறு பலவாகையால், சிகிச்சைக்கு முன் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் அவசியமாகிறது. தும்மல் எந்த மாதத்தில் வருகிறது, எந்த வேளையில், வீட்டிலா வெளியிலா, படுக்கையிலா பட்டறையிலா என்று இரண்டு மூன்று மாதம் குறித்து வந்தால், வைத்தியர் செய்யும் தோல் சோதனைக்கும் ரத்தச் சோதனைக்கும் அர்த்தம் பிறக்கும். இந்தக் குறிப்பு இல்லாமல் செய்த சோதனை, உடல் எதற்கெல்லாம் எதிர்ப்பொருள் வைத்திருக்கிறது என்று நீண்ட பட்டியலைத் தருமே தவிர, உபாதை எதனால் என்று சொல்லாது. காய்ச்சலும் உடல்வலியும் கூடி ஒரு வாரத்தில் அடங்குவது சாதாரண ஜலதோஷம். அரிப்போடு வாரக்கணக்கில் நீடிப்பது ஒவ்வாமை.

படுக்கையே காரணமென்று தெரிந்தால், பழைய தலையணையை மாற்றி, நெருக்கமாக நெய்த உறை இட்டு, விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெப்பமுள்ள நீரில் துவைக்க வேண்டும். கோடை வெயிலில் மெத்தையை உலர்த்தும் நம் பாட்டிமாரின் பழக்கம் மிக நல்லது; வெயிலில் உண்ணி மடியும். மடிந்தபின்னும் எச்சம் மிச்சமிருப்பதால் அதைத் தட்டி உதற வேண்டும். உதறுகிறவர் நோயுள்ளவராக இருத்தல் கூடாது.

மருந்துகளில், மிதமானதும் கடுமையானதுமான உபாதைக்கு மிகுந்த பயன் தருவது நாசியில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தே. ஒரே நாளில் அது பலன் காட்டாது. முழுப் பயன் கிடைக்க ஓரிரு வாரம் ஆகலாம். இரண்டு நாள் தெளித்துப் பார்த்து, உதவவில்லை என்று தூக்கிப் போடுபவர்களே அநேகர். வலத் துவாரத்துக்கு இடக்கையாலும் இடத் துவாரத்துக்கு வலக்கையாலும் பிடித்து, நடுத்தண்டின் மேல் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தெளித்து, பலமாக உறிஞ்சாமல் இருப்பதே முறை. பருவம் தெரிந்தவர் அது தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே ஆரம்பிப்பது நலம்.

அரிப்பையும் தும்மலையும் விரைவில் அடக்குவது ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. கடையில் "ஒரு அவில் குடுங்கண்ணே" என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. அது பழைய தலைமுறை மருந்து. மூளைக்குள் புகுந்து தூக்கத்தை உண்டாக்கும். பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்தில் 17 வளைவுகளையும் ஏறி இறங்கும் ஜீப் ஓட்டுநர் அதைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பது பேராபத்து. ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் போன்ற புதிய மருந்துகளில் இம்மயக்கம் மிகக் குறைவு. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். எது தகும் என்பதை வாகனம் ஓட்டுபவர் என்று சொல்லியே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், நிறுத்தியவுடன் முன்னைவிட அதிகமாக அடைக்கும். அதற்கு மறுபடியும் சொட்டு, மறுபடியும் அடைப்பு என்று ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. பருவத்துக்கு ஒன்றாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும், கடையில் கிடைக்கும் சின்ன வெள்ளை மாத்திரையை நினைத்தபோது விழுங்குவதும் அதனினும் கேடு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி, எலும்பும் நலிவடையும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது அடைப்பைச் சற்றே இளக்கி ஆறுதல் தருவது. நோயைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. உப்பு நீரால் நாசியைக் கழுவுவதோ படிந்த மகரந்தத்தையும் தூசியையும் வெளியேற்றுவதால் மெய்யாகவே உதவுகிறது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில், கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டுமே உபயோகிக்க வேண்டும். குளத்து நீரோ கிணற்று நீரோ அப்படியே நாசியில் ஏறினால், கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிர்களைக் குடித்த அமீபா மூளைக்கு ஏறும் அபாயம் உண்டு.

இவை யாவும் உபாதையை அடக்குவன. சரீரத்தின் தவறான பகையையே மாற்ற முயல்வது ஒன்றுதான். லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் லெனார்டு நூன் 1911-இல் புல்லின் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகச் செலுத்திக் காட்டிய முறை, இன்றும் ஊசியாகவும் நாவின் கீழ் இடும் மருந்தாகவும் கையாளப்படுகிறது. அதற்கு மூன்று ஆண்டுப் பொறுமை வேண்டும். காரணம் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரமாவது மருத்துவமனையிலேயே இருந்து கண்காணிக்கப்பட வேண்டும்.

நாசியும் நுரையீரலும் ஒரே சுவாசப் பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவரில் பெரும்பாலோருக்கு நாசியழற்சியும் உண்டு. நாசியழற்சி உள்ளவரில் பத்தில் ஒருவர் முதல் நால்வர் வரை ஆஸ்துமாவும் உடையவர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு கூடிய நிபுணர் குழு 2001-இல் எடுத்துரைத்தது. ஆதலால் இரவில் இருமல், விடியலில் நெஞ்சில் விசில் சத்தம், முன்பு தயங்காமல் ஏறிய ஏலக்காட்டுச் சரிவில் இப்போது பாதியில் நின்று மூச்சு வாங்குதல் ஆகியவை தும்மலோடு சேருமானால், கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குச் சென்று மூச்சின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இன்ஹேலர் கொடுத்தால், அது பழகிப்போய் விடாது பிடித்துக்கொள்ளும் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் தடுப்பதுண்டு. விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையில் மருந்து மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவுகிறது. இன்ஹேலரில் அதில் பன்மடங்கு குறைவாக, மைக்ரோகிராம் கணக்கில், வேண்டிய இடமான சுவாசக் குழாய்க்கே போய்ச் சேருகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லி விளங்க வைப்பதற்கு, சீட்டு எழுதுகிற மருத்துவர் இன்னும் இரண்டு நிமிஷம் செலவழிக்க வேண்டும்.